ஓட வேண்டிய வயசுல வரிசையில நிக்குதுங்க

"இந்தக் காலத்துக் குழந்தைங்க டிவிய விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது"ன்னு இனிமே யாராவது எங்கிட்ட வந்து சலிச்சுக்கிட்டா, நல்லா வாங்கிக் கட்டிக்குவாங்க. எந்திரிச்சு எங்க போகச் சொல்றீங்க? கேரளாவுல, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில எங்க வீதிப் பசங்க ஆடிட்டிருந்த காலி எடத்துக்கு இப்பக் கம்பி வேலி. அடுத்த எடம் செயற்கைப் புல்லு விரிச்ச டர்ஃப் மைதானம் ஆயிருச்சு, மணிக்கணக்குல வாடகை. ரோட்டுல விடலாம்னா கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வர்ற டிப்பர் லாரிக்காரன் ஹாரன்ல கைய வெச்சா எடுக்கறதே இல்ல.

வீட்டுக்குள்ள நடக்கற கூத்து வேற. சின்னவனுக்கு நாலு வயசு. "ஊட்டும்போது டிவி வேண்டாமுங்க அத்தை"ன்னா, "நீ போ கண்ணு, அது இல்லாட்டி ஒரு வாய் எறங்காது"ங்கறாங்க. எறங்குதாம்! பக்கத்துல உக்காந்து பாருங்க. பொம்மைப்படம் ஓடற வரைக்கும் சோத்து உருண்டை கன்னத்துலயே ஒதுங்கிக் கெடக்கும். விளம்பரம் வந்தாத்தான் தாடை அசையும். மறுபடி பொம்மை வந்ததும் மெல்லறது நின்னுரும். பசிக்குதா, வயிறு நெறஞ்சுதான்னு அவனுக்கே தெரியாது. கிண்ணம் காலியாச்சுன்னு அத்தைக்கு நிம்மதி.

2019-லயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிருச்சு. ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் உக்காந்து திரை பாக்கறது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதுக்கும் கொறைஞ்சா நல்லது. ஒரு வயசுக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். மூணு, நாலு வயசுப் பசங்க நாளைக்கு 180 நிமிஷம் ஓடியாடணும், அதுல 60 நிமிஷமாவது மூச்சு வாங்கற மாதிரி. எங்க வீட்டுல காலையில இட்லி ஊட்டறதுக்குள்ளயே அந்த ஒரு மணி நேரம் தீந்துருது. இதுல ஒரு பெருமை வேற: ஒரு சேனல்ல மலையாளம், இன்னொண்ணுல தமிழ், ஃபோன்ல ஹிந்தி, "பையனுக்கு மூணு பாஷை தெரியும்"னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லியாகுது. எங்கீங்க பேசறான்? வாயப் பொளந்துட்டுக் கேக்கறான், அவ்வளவுதான்.

சரி, பெரியவளையாவது விளையாட்டுல சேக்கலாம்னு ஃபுட்பால் கோச்சிங் அனுப்பறோம். ஜெர்ஸி, பூட்ஸ், முழங்கால் வரைக்கும் சாக்ஸ், உள்ள ஷின் பேட். ஏழு வயசுப் பொண்ணு பட்டாளத்துக்குப் போற மாதிரி கெளம்பறா. அங்க போனா கூம்பு வரிசையா இருக்கு, குழந்தைங்களும் வரிசையா இருக்கு. ஒருத்தி பந்தைத் தட்டிட்டுக் கூம்பைச் சுத்திட்டு வர்ற வரைக்கும் மத்தவங்க நிக்கணும். எங்க பொண்ணு தன்னோட மொறை வர்றதுக்குள்ள டர்ஃபுல கெடக்கற கறுப்பு ரப்பர்த் துணுக்கப் பொறுக்கிப் பொறுக்கி சாக்ஸுக்குள்ள போட்டுக்கறா. வீட்டுக்கு வந்து உதறினா ஒரு கைப்பிடி தேறும். அந்த மணி நேரத்துல அவ உருப்படியா செஞ்ச வேலை அதுதான்.

வலைக்கு வெளிய அப்பாமாருங்க. "ஷூட் செய்யடா! எடா, பாஸ் கொடுக்கடா!"ன்னு தொண்டை கிழியக் கத்தறாங்க. அந்தப் பையனுக்கு ஷூ லேஸே கட்டத் தெரியாது, அதுக்குள்ள அவன் மெஸ்ஸி ஆயிரணும். 2022 உலகக் கோப்பையப்ப கோழிக்கோட்டுப் பக்கம் புள்ளாவூர் ஆத்துக்குள்ள மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோன்னு ஆளுயரத்தைத் தாண்டி கட்-அவுட் வெச்சாங்களே, உலகமே பாத்துச்சே. கட்-அவுட்டுக்கு ஆத்துக்குள்ளயும் எடம் கெடைக்குது. அரை டிக்கெட்டுங்க பந்து ஒதைக்கக் கரையில எடமில்ல.

இத்தனைக்கும் இது பாலக்காடு ஜில்லா! 2017-ல புவனேஸ்வர்லயும் 2019-ல தோஹாவுலயும் 1500 மீட்டர் ஓட்டத்துல ஆசியத் தடகளப் போட்டித் தங்கம் ஜெயிச்ச பி.யு.சித்ரா இங்க முண்டூர்க்காரப் பொண்ணு. 2022 காமன்வெல்த்துல நீளம் தாண்டி வெள்ளி வாங்கின ஸ்ரீசங்கரும் நம்ம ஜில்லாதான். அவங்களுக்கு ஃப்ளெக்ஸ் கட்டறதுல நம்மள அடிச்சுக்க ஆளில்ல. அதே கையோட ஸ்கூல்ல பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கறாங்க, திருப்பிக் குடுத்ததாச் சரித்திரமே கெடையாது. ஸ்கூல்னா விளையாட்டு மைதானம் இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. மைதானம் இல்லாத ஸ்கூலை மூடக் கூடச் செய்யலாம்னு 2024-ல கேரள ஹைகோர்ட்டே சொல்லிருச்சு. நான் பேரண்ட்ஸ் மீட்டிங்குல கேட்டா, "போர்ஷன் முடியணுமே மேடம்"ங்கறாங்க.

"வெயிலுங்க, கறுத்துப் போயிரும்"னு ஒரு கூட்டம் இருக்கு. ஏப்ரல் மாசத்துப் பாலக்காட்டு உச்சி வெயில்ல விடச் சொல்லல. சாயங்காலம் விடுங்க. பகல் வெளிச்சத்துல வெளிய ஆடற பசங்களுக்குக் கிட்டப்பார்வை வர்றது கொறையுதுன்னு கண் டாக்டருங்க சொல்றாங்க. கறுத்த மூஞ்சிக்குக் கண்ணாடி தேவையில்லீங்க.

கடைசியா, எதிர்வீட்டுப் பெரியவருக்கு. "நாங்கல்லாம் அந்தக் காலத்துல கில்லி, பம்பரம்னு பொழுது சாயற வரைக்கும் வீட்டுப் பக்கமே வர மாட்டோம், இதுக எப்பப் பாத்தாலும் டிவி"ன்னு திண்ணையில உக்காந்து தெனமும் பாடறீங்களே, உங்க செவுத்துல பட்டுச்சு, செடி ஒடஞ்சுச்சுன்னு எங்க வீதிப் பசங்களோட பந்தையெல்லாம் புடிச்சு மாட்டுக் கொட்டாய்ப் பரண் மேல போட்டு வெச்சிருக்கறது யாருங்க? இன்னைக்குச் சாயங்காலம் பசங்களக் கூட்டிட்டு நானே வர்றேன். ஏணிய எடுத்து வெச்சிருங்க.