அந்த 15 நாளும் அவன் எங்கே இருப்பான்?

வகுப்பறையில் மூன்று மாணவர்கள் ஆட்டம் போட்டு, ஆசிரியரைத் திட்டிய அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி விளக்கப் போவதில்லை. பாடம் நடக்கும்போது பெஞ்சைத் தட்டி ஆடியது தப்பு. கேட்கப்போன ஆசிரியரை அவர்களில் ஒரு பையன் பேசிய வார்த்தை அதைவிடப் பெரிய தப்பு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் மூன்று பேரையும் 15 நாள் பள்ளிப் பக்கம் வரக் கூடாது என்று அனுப்பியதும், அந்த வீடியோவுக்குக் கீழே ‘சபாஷ்’, ‘டிசியைக் கையில் கொடுத்துத் துரத்துங்கள்’ என்று வந்து விழுந்த பின்னூட்டங்களும் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அங்கே நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்த 15 நாளும் அவன் எங்கே இருப்பான்? அதற்கு எனக்கு ‘ரவுடிகளின் வக்கீல்’ என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

19 வருடமாக அரசுப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பையன்களிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் என்னைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். கை நடுங்க தலைமையாசிரியர் அறைக்குப் போய், ‘இவன் இருந்தால் நான் அந்த வகுப்புக்குப் போக மாட்டேன்’ என்றேன். நான்தான் சொன்னேன். ‘10 நாள் கழித்து அப்பாவோடு வா’ என்று அனுப்பினார்கள். அப்பா கேரளாவில் கட்டட வேலையில் இருந்தார். மூன்றாம் நாள் அம்மா வந்தார். நூறு நாள் வேலையை விட்டுவிட்டு, செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு, மதியம் வரை வராந்தாவில் நின்றார். அன்றைக்கு தலைமையாசிரியர் மீட்டிங் போயிருந்தார். ‘நாளைக்கு வாங்கம்மா’ என்று நானே சொல்லி அனுப்பினேன். அவர் மறுநாள் வரவில்லை. ஒரு நாள் கூலி போனதே பெரிது, இரண்டாவது நாளுக்கு எங்கே போவார்?

பதினோராம் நாள் பையனும் வரவில்லை. போர் வண்டிக்கு, அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி வேலைக்கு, போய்விட்டான் என்றார்கள். தர்மபுரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆறேழு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலைமுடியில் போர் போட்ட சாம்பல் நிறச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. ‘டீச்சர், நல்லா இருக்கீங்களா?’ என்று அவன்தான் முதலில் பேசினான். அப்புறம், ‘ரிஜிஸ்டர்ல என் பேர் இன்னும் இருக்கா டீச்சர்?’ என்றான். அந்தப் பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டது நான்.

கல்வி உரிமைச் சட்டம், 2009. அதன் 16-வது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. அதாவது எட்டாம் வகுப்பு வரை. ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 வயதுக்குக் கீழேதான் அநேகமாக எல்லா வேலைகளுக்கும் தடை போடுகிறது. அதற்கு மேல் ஆபத்தான வேலைகளுக்கு மட்டும்தான் தடை. பள்ளி கைவிடலாம் என்று ஆகும் அதே வயதில், வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஆகிவிடுகிறது. ஆசிரியரிடம் தவறாக நடந்தால் டிசியிலும் நடத்தைச் சான்றிதழிலும் காரணத்தை எழுதி நிரந்தரமாக நீக்குவோம் என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் கல்வி அமைச்சரே சொன்னார். காரணம் எழுதிய டிசியோடு வருபவனை அடுத்த பள்ளி எப்படிச் சேர்க்கும்? விதியைத் திருத்துங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். திருத்துங்கள். வெளியே அனுப்பும் நாட்களில் இந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று அதில் ஒரு வரி சேருங்கள். அதே வளாகத்தில் வேறு அறையில் உட்கார வைத்துப் பாடம் எழுத வையுங்கள். தினமும் ஒருவர் அவனிடம் பேசட்டும். சுவரில் 1098, 14417 என்று குழந்தைகளுக்கும் மாணவர்களுக்குமான உதவி எண்கள் இருக்கின்றன. நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஓர் ஆலோசகர் வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

‘மற்ற 40 பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், அதனால்தான் வேறு அறை என்கிறேன். ‘எங்கள் காலத்தில் தோலை உரித்தார்கள், நன்றாகத்தானே இருக்கிறோம்?’ என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களோடு படித்துப் பாதியில் நின்றவர்கள் இந்தப் பின்னூட்டத்தில் வந்து பேச மாட்டார்கள்.

நாங்குநேரியை எனக்கு நினைவூட்டினார் ஒருவர். 2023-ல் அங்கே சாதி வெறியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதை மறந்துவிட்டா நான் பேசுகிறேன்? வெட்டுப்பட்ட பிள்ளையின் பக்கத்தில் வெட்டியவனை உட்கார வைக்க நான் சொல்லவில்லை. அது போலீசும் சிறார் நீதிக் குழுமமும் பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டதே, அந்தக் கயிறைக் கட்டிய பையனை வீட்டுக்கு அனுப்பினால் எங்கே போவான்? கயிறு கட்டிவிட்டவர்களிடமேதான் போவான். நாள் முழுக்க அவர்களோடுதான் இருப்பான்.

இன்னொன்றும் மனதில் கிடந்து அறுக்கிறது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுவதற்காக, ஒன்பதாம் வகுப்பு முடிவில் சுமாராகப் படிக்கும் பிள்ளையை ‘ஒழுங்கு சரியில்லை’ என்று சொல்லி டிசியை வாங்க வைக்கும் பள்ளிகளை நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகள் எங்களிடம்தான் வருகிறார்கள். எங்கள் பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். அப்போது யாரும் ஒரு பின்னூட்டம்கூடப் போட்டதில்லை. இப்போது என்னிடம் வந்து ‘நீங்கள் வகுப்பறையைப் பார்த்திருக்கிறீர்களா?’ என்கிறார்கள்.

திட்ட வேண்டும் என்றால் திட்டிக்கொள்ளுங்கள், யாரையும் பிளாக் செய்யப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி மட்டும் செய்யுங்கள். இன்றைக்கு ஐந்தாவது நாள். அந்த மூன்று பையன்களும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள்.