கையில் கிடைப்பது சில விநாடிகள்தான்
நிலநடுக்க எச்சரிக்கையில் இயந்திரக் கற்றல் (தரவிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும் முறை) பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அது வந்தால் நிலநடுக்கத்தை முன்பே சொல்லிவிடலாம் என்ற தொனி அதில் இருக்கிறது. அப்படி இல்லை. நடுக்கம் தொடங்கிய பிறகுதான் எச்சரிக்கை அமைப்புகள் வேலையையே ஆரம்பிக்கின்றன. விநாடிக்கு சுமார் 6 கி.மீ. வேகத்தில் முதன்மை அலை முந்தி வரும். அதிகம் ஆட்டுகிற இரண்டாம் அலையின் வேகம் 3.5 கி.மீ. அளவுதான். 100 கி.மீ. தள்ளி இருப்பவருக்கு இடைவெளி ஏறக்குறைய 12 விநாடி. மையத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காமல் போகலாம்.

சரி, இயந்திரக் கற்றல் எங்கே உதவும்? லாரி அதிர்வையும் உண்மையான முதல் அலையையும் பிரித்தறிய நன்றாகவே உதவும். 2018 ஜனவரியில் ஜப்பானில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் வந்த சிறு நடுக்கங்களை ஒன்றாக எடுத்துக்கொண்டு தவறான எச்சரிக்கை போனது. இப்படிப்பட்ட குழப்பத்தைக் குறைக்கலாம்.

பெரிய நடுக்கம்தான் சிக்கல். 2011இல் ஜப்பானில் வந்த பெரும் நடுக்கத்தின் ரிக்டர் போன்ற அளவை முதலில் 7.9 என்று மதிப்பிட்டார்கள், பிறகு அது 9.0 ஆனது. டோக்கியோ பகுதிக்கு அன்று பொது எச்சரிக்கை விடப்படவில்லை. இவ்வளவு பெரியவை அபூர்வம் என்பதால் பயிற்சித் தரவும் சொற்பம். கட்டுரை இதைத் தொடவே இல்லையே, ஏன்?