நிறம் மாறாத ஒயரிங் வேண்டும்

பழைய காருக்குப் புது ஒயரிங் போடப் போகிறேன், எந்த செட் வாங்கலாம் என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். விலையைக் கேட்கும் முன் நிறத்தைக் கேளுங்கள். வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது எந்த ஒயர் எந்த நிறத்தில் இருந்ததோ, புது ஹார்னஸிலும் (வண்டியின் ஒயர்களையெல்லாம் ஒன்றாகக் கட்டிய செட்) அது அதே நிறத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் இருப்பது 1970 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அப்பா ஓட்டிய வண்டி. பெருங்களத்தூர் தொழிற்சாலையில் செய்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் ஒயரிங் முழுவதையும் மாற்றிக் கொடுத்தார்கள். எல்லாம் புதுசு, எல்லாம் பளபள. ஆனால் இருந்தது இரண்டே நிறம்தான்: சிவப்பு, கறுப்பு. அப்போது எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

ஒரு ராத்திரி திண்டிவனம் தாண்டி வந்துகொண்டிருந்தபோது டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தது. அடுத்த நிமிஷம் ஸ்டீயரிங்குக்குக் கீழே புகை. மனைவியையும் மகளையும் இறக்கி ரோட்டோரம் நிறுத்திவிட்டு, பேட்டரி டெர்மினலைக் கையால் திருகிப் பிடுங்கினேன். கார் தப்பித்தது. மறுநாள் இரண்டு எலக்ட்ரீஷியன்கள் வந்து பார்த்தார்கள். எரிந்த ஒயர் எது, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. முப்பது சிவப்பு ஒயர் ஒன்றாகச் சுற்றிக் கிடந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்?

மூன்றாவதாக வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். டிக்கிக்குள் டார்ச் அடித்துத் தேடி, பட்டறைக்காரர்கள் வெட்டாமல் விட்டிருந்த ஒரு சாண் பழைய ஒயரை வெளியே இழுத்தார். ஒரே அழுக்கு. கட்டைவிரலால் இரண்டு தடவை துடைத்தார். பச்சை தெரிந்தது, அதன் மேல் மெல்லிய ஊதாக் கோடு. "பிரேக் லைட்டு, தம்பி" என்றார். மீட்டர் வைக்கவில்லை, படம் பார்க்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ போட்ட ஒயர், இன்னும் தன் வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

அது லூகாஸ் நிற முறை, லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாதன கம்பெனியின் பெயரில் வழங்குவது. பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகளுக்கெல்லாம், மோரிஸ் வம்சத்து அம்பாசடர் உட்பட, இதுதான் அடிப்படை. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவியை எடுத்தாலும் கரண்ட் இருக்கும். வெள்ளை, சாவி போட்டால் வருவது. அந்த வெள்ளை ஒரு ஃபியூஸைத் தாண்டினால் பச்சை ஆகிவிடும். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. நீலம் ஹெட்லைட்: வெள்ளைக் கோடு பிரைட், சிவப்புக் கோடு டிம். சிவப்பு பார்க்கிங் லைட்டும் டெயில் லைட்டும். கறுப்பு எர்த், அதாவது வண்டியின் இரும்பு வழியாகக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தால் போதும், ஜென்மத்துக்கும் மறக்காது. (ஃபியட் வழி வந்த பத்மினிக்கு வேறு முறை, இதை அப்படியே அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.)

சரி, ஹார்னஸ் எங்கே வாங்குவது? நம்ம ஹெரால்டுக்கு மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. அங்கே அந்தப் பழைய வண்டிக்கு இன்றும் அசல் நிறத்தில், பருத்தி நூல் பின்னலோடுகூட செய்து தருகிறார்கள். இரண்டு கதவு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் அதை யோசிக்கலாம். என்னுடையது நான்கு கதவு. அந்த உடல் இந்தியாவில் மட்டும் வந்தது, இங்கிலாந்து அளவை நம்பிப் பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அடுத்தது யுனிவர்சல் கிட். ஃபியூஸ் பாக்ஸோடு வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நிறங்கள் வேறு, நீளமும் பொதுவான நீளம். மிச்சத்தைச் சுருட்டி டேஷ்போர்டுக்குள் திணிக்க வேண்டியதுதான். எனக்கு அது வேண்டாம்.

நான் போனது மூன்றாவது வழி. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்துக்கொண்டிருந்த ஒரு ஹெரால்டின் அசல் ஹார்னஸ் முழுதாகக் கிடைத்தது. தொட்டாலே இன்சுலேஷன் நொறுங்கும் நிலை, ஆனால் அளவுக்கு அது போதும். ஹாலில் தரையில் நீட்டி வைத்து, ஒவ்வொரு கிளையும் எங்கே பிரிகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, அதை அப்படியே ஒரு பிளைவுட் பலகைக்கு மாற்றி ஆணி அடித்தேன். அந்தப் பலகையில்தான் ஹார்னஸ் கட்டுபவர் புதுசைக் கட்டினார்.

ஒயரின் தடிமனில் மட்டும் யாரோடும் சமரசம் செய்யாதீர்கள். 0.30 மில்லிமீட்டர் இழை 14 சேர்ந்தால் சுமார் 8.75 ஆம்பியர் தாங்கும். 28 இழைக்கு 17.5. என் வண்டியில் யாரோ 100/90 வாட் பல்பு (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90) போட்டிருந்தார்கள். பிரைட்டில் இரண்டு பல்பு, 200 வாட். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 16 ஆம்பியருக்கு மேல். அது போனது 14 இழை ஒயரிலும் அப்பா காலத்து சுவிட்சிலும். புகை வராமல் என்ன செய்யும்? இப்போது 60/55 பல்பு, இரண்டு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), 28 இழை ஒயர். சுவிட்சுக்கு ரிலேயைத் தட்டிவிடும் கரண்ட் மட்டும்தான் போகிறது.

ரிலே போட்டால் அசல் தன்மை கெட்டுவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். என் வண்டியில் ஃபியூஸ் பாக்ஸே கிடையாது, அதையும் சேர்த்திருக்கிறேன். கெடவில்லை என்பேன். பழுப்பு ஃபியூஸைத் தாண்டினால் ஊதா, வெள்ளை தாண்டினால் பச்சை என்று அந்த முறையே இதற்கு இடம் கொடுக்கிறது. ரிலேயிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயரும் அதே நீலம், அதே கோடு. நாளைக்கு யார் பானட்டைத் திறந்தாலும் படித்துக்கொள்ளலாம்.

பொருத்தும்போது ஹெரால்டுக்காரர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருங்கள். பானட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும் வண்டி இது. விளக்குகளுக்கான ஒயர் அந்தக் கீலைத் தாண்டித்தான் போகிறது. ஒயரை இழுத்துக் கட்டினால் திறந்து மூடும்போதெல்லாம் உரசி, ஒரு நாள் பாடியில் தொடும். அங்கே நான்கு விரல் தளர்வு விட்டு, மேலே தனி ஸ்லீவ் மாட்டுங்கள். அப்புறம் எர்த். இந்த வண்டியின் உடல் துண்டு துண்டாகச் சேசிஸில் போல்ட் போட்டு நிற்கிறது. போல்ட் துருப்பிடித்தால் எர்த் போச்சு, இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் சிமிட்டும். புது ஒயரிங் போட்டும் இந்தக் கோளாறு தீரவில்லை என்று புலம்புகிறவர்கள் பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் எர்த் கொடுத்துப் பாருங்கள்.

கட்டுவதற்குப் பசை டேப் வேண்டாம், பசையில்லாத பி.வி.சி. ஹார்னஸ் டேப் கேட்டு வாங்குங்கள். நம்ம ஊர் வெயிலில் பசை டேப் இரண்டே வருஷத்தில் உருகிக் கையில் ஒட்டும்.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியை நேராக மாட்டவில்லை. பேட்டரிக்கும் ஒயருக்கும் நடுவில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வைத்தோம். எல்லா சுவிட்சும் ஆஃப். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், ஒயர் தப்பிக்கும். பெரியவர்தான் டெர்மினலைத் தொட்டு வைத்தார். பல்பு எரியவில்லை. பல்பை எடுத்துவிட்டு நேராக மாட்டி ஹெட்லைட்டைப் போட்டோம். முன்பு பேட்டரியில் 12.4 வோல்ட் இருக்கும்போது விளக்கில் 10.6தான் வரும், இப்போது 12.1. பத்து சதவீத வோல்ட் குறைந்தாலே வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும், அதனால் இந்த வித்தியாசம் சுவரில் விழும்போதே தெரிந்தது. மகள் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். பெரியவர் பின்னால் நின்று, "எரியுதும்மா" என்றார்.

புதுப்பேட்டையில் வாங்கிய அந்தப் பழைய ஹார்னஸும் ஆணி அடித்த பலகையும் பரண்மேல் பத்திரமாக இருக்கின்றன. நான்கு கதவு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் யாருக்காவது அளவு வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள், இறக்கித் தருகிறேன்.