எட்டில் ஒரு பங்குச் சுற்று

பைக்கின் முன் பிரேக்கைப் பிடித்தால் ‘டக்’. பள்ளத்தில் இறங்கினால் ‘டக்’. போதும் என்று நேற்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோன்செட்டை, அதாவது ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தில் இருக்கும் குண்டு பேரிங்கை, இறுக்க வேண்டும், அவ்வளவுதானே!

அதை இறுக்கும் வட்ட நட்டைத் திருப்ப வேண்டியது எட்டில் ஒரு பங்குச் சுற்று. அதற்கு ஹேண்டில்பாரைக் கழற்று, மேல் தட்டைக் கழற்று, வயர்களை ஒதுக்கு. உள்ளே பார்த்தால் நட்டின் காடியெல்லாம் உளித்தழும்பு. முன்பு இறுக்கிய மகராசனுக்கு, காடியில் மாட்டித் திருப்பக் கொக்கி ஸ்பேனர் என்று ஒன்று இருப்பதே தெரியாதா?

நட்டைத் திருப்பிவிட்டு, கழற்றியதை மாட்டி, முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினேன். விரலால் தட்டினால் ஹேண்டில்பார் தன் எடையிலேயே இருபுறமும் சாய வேண்டும், சாய்ந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன், அசைவே இல்லை. ஆகா என்று மேல் நட்டை முறுக்கினேன். அது மேல் தட்டை அமுக்க, பார்த்துப் பார்த்து வைத்த அளவு பாழாய்ப் போனது. மறுபடி கழற்று!

தளர்த்தினால் ‘டக்’. இறுக்கினால் வண்டி மெதுவாகப் போகும்போது குடித்தவனைப் போலத் தள்ளாடுகிறது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடம்கூடக் கிடையாதா?

நான்காவது முறை இறுக்கியபோதுதான் கவனித்தேன்: ஹேண்டில்பார் நேராக வந்ததும் ‘கடக்’கென்று குழியில் விழுந்ததுபோல் நிற்கிறது. குண்டுகள் ஓடும் பாதையே பள்ளம் விழுந்து கிடக்கிறது. இதை எத்தனை இறுக்கினால் என்ன? மொத்த செட்டையும் மாற்றியாக வேண்டும். இதைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று மணி நேரமும் முட்டித்தோலும்!