நண்டுக்கும் எலும்புக்கூடு உண்டு

ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணன் மகன் ஆரம்பித்தான்: "அத்தை, நண்டுக்கு எலும்பே கிடையாதுல்ல? அப்போ அதுக்கு எலும்புக்கூடும் கிடையாது." அண்ணனும் அவன் கட்சி. உள்ளே இருந்தால்தான் எலும்புக்கூடாம், வெளியே இருப்பது வெறும் ஓடாம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

வம்பே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. 'எலும்புக்கூடு' என்றதுமே எலும்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்படிப் பார்த்தால் சுறாவுக்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், அதற்கு இருப்பதெல்லாம் குருத்தெலும்பு. பெயரில் எலும்பு இருக்கிறதே என்பீர்கள், உங்கள் மூக்கு நுனியை அழுத்திப் பாருங்கள், அந்த மாதிரிதான். சரி, உள்ளே இருக்க வேண்டும் என்றால் ஆமையை என்ன செய்வது? அதன் முதுகு ஓடு விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து உருவானது, கழற்றிவிட்டு வெளியே வரவே முடியாது.

பாடப்புத்தகத்தில் வரும் 'சட்டகம்' எவ்வளவோ மேல். தசை எதைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறதோ அதுதான் சட்டகம், அது எதனால் ஆனது, எந்தப் பக்கம் இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். நண்டுக் கொடுக்கை உடைத்துச் சதையை எடுக்கும்போது உள்ளே கண்ணாடித்தாள் மாதிரி தட்டையாக ஒரு தகடு வருமே, வாயில் குத்துகிறது என்று நாம் தூக்கிப் போடுவது, அது ஓடே உள்பக்கமாக வளர்ந்தது. கொடுக்கின் தசை அதில்தான் பிடித்திருக்கிறது. அதைப் பிடித்து இழுத்துக் காட்டினேன், கொடுக்கு மூடியது. பையன் அதற்கப்புறம் சாப்பிடவே இல்லை, இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"அப்போ வளர்றதுக்காகப் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்ட நண்டு?" என்று அண்ணன் மடக்கினார். நல்ல கேள்வி. 2003ல் அமெரிக்காவின் நீல நண்டுகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். புது ஓடு துணி மாதிரி தொளதொளவென்று இருக்கும் அந்த நேரத்தில், உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தையே தாங்கலாக வைத்துக்கொண்டு நண்டு அசைகிறது, ஓடு கெட்டியானதும் பழையபடி ஓட்டுக்கு மாறிக்கொள்கிறது. மண்புழு வாழ்நாள் முழுக்கச் செய்வதும் இதைத்தான்.

தண்ணீரைப் போய் எலும்புக்கூடு என்பாயா என்று அண்ணன் சண்டைக்கே வந்துவிட்டார். மாடித் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், பிளாஸ்டிக் ஹோஸின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு குழாயைத் திறக்கச் சொன்னேன். துவண்டு கிடந்த ஹோஸ் விறைத்து நிமிர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, குழாயை மூடிவிட்டு இன்னொரு தடவை திறந்து பார்த்தார்.