லயத்து வீட்டில் காலேஜ் நடக்காது

"கொரோனா பேட்ச்சா? அப்போ பாடமே படிச்சிருக்க மாட்டீங்களே" என்று இன்டர்வியூவில் கேட்டுச் சிரிக்கிறார்கள். 2021இல் டிகிரி முடித்த பிள்ளைகளுக்கு இந்தக் கிண்டல் இன்னும் தீரவில்லை. அந்த வருஷம் ஆகஸ்டில் மதுரையில் ஒரு தனியார் வங்கி கொடுத்த வேலை விளம்பரத்தில், 2021இல் படிப்பை முடித்தவர்களுக்குத் தகுதி இல்லை என்றே அச்சாகி வந்தது. அச்சுப்பிழை என்று வங்கி பிறகு விளக்கம் சொன்னது. சரி, பிழையாகவே இருக்கட்டும். அதைப் படித்த யாருக்கும் அது பிழையாகத் தோன்றவில்லையே!

நான் கம்பம் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். (கௌரவம் பெயரில் மட்டும். சம்பளத்தைப் பற்றி வேறொரு நாள் புலம்புகிறேன்.) வீடு மேலே, கேரள எல்லைக்குள், குமுளி தாண்டி வண்டிப்பெரியாறு பக்கம். என் வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. இடுக்கி எஸ்டேட்டுகளில் தமிழ் வழியில் பள்ளி முடித்துக் கீழே இறங்கி வருகிறவர்கள் ஒரு பாதி. அம்மா தினமும் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறுகிற பள்ளத்தாக்குப் பிள்ளைகள் மறு பாதி.

கொரோனா காலத்து மாணவர் மனநிலை பற்றிக் கருத்தரங்கில் பேசுகிறவர்கள் எல்லோரும் தனிமை, தனிமை என்கிறார்கள். முதல் வருஷத்திலேயே உலக அளவில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின, இளைஞர்களும் பெண்களும்தான் அதிகம் அடிபட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் பார்த்த பிள்ளைகளுக்குத் தனிமை என்று ஒன்று கிடைக்கவே இல்லை. அதுதான் அவர்களை வாட்டியது.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயம் பார்த்திருக்கிறீர்களா? ஒரே கூரை, வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு அறையும் ஒரு அடுப்படியும். பக்கத்து வீட்டில் சீரியல் ஓடினால் வசனம் முழுக்க இங்கே கேட்கும். அந்த அறையில் அப்பா, அம்மா, பாட்டி, டிவியில் பாடம் பார்க்கிற தம்பி, இவர்களோடு செமஸ்டர் படிக்கிற ஒரு பெண். அவளுக்குக் கல்லூரி விடுதியின் இரும்புக் கட்டில்தான் வாழ்நாளில் கிடைத்த முதல் சொந்த இடம். 2020 மார்ச்சில், 31ஆம் தேதி வரைதான் லீவு என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு பையோடு போனவர்கள்தான். பல ஊர்களில் விடுதிகள் தனிமைப்படுத்தும் மையங்கள் ஆயின. அவசரத்துக்குச் செய்தது, புரிகிறது. அந்தக் கட்டிலுக்குப் பதிலாக என்ன கொடுத்தோம் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

எல்லை மூடியதும் கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு மூன்றிலும் ஜீப் நின்றது. கீழே கூலி போனது, மேலே காய் எடுக்க ஆள் இல்லை. அப்புறம் என்ன, மேலே வீட்டில் 'சும்மா' இருக்கிற காலேஜ் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போனான். காலையில் ஏலக்காய், சாயங்காலம் ரெக்கார்ட் நோட்டு. ஆன்லைன் வகுப்பில் அவன் பெயர் மட்டும் திரையில் இருக்கும். ஒரு பையன் என்னிடம் சொன்னான், "சார், வேலை கஷ்டமில்ல. ஆறு மாசத்துல எங்க வீட்ல எல்லாரும் நான் படிக்கிறேங்கிறதையே மறந்துட்டாங்க. அப்புறம் எனக்கே மறந்துபோச்சு." இதற்கு எந்த மருத்துவப் பெயர் பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் ரேஞ்ச் தேடிப் போவது தனிக்கதை. எஸ்டேட் ரோட்டில் ஏதோ ஒரு வளைவில் மட்டும் இரண்டு கோடு காட்டும். அங்கே பிள்ளைகள் குடையோடு நிற்பார்கள். பரீட்சையில் விடைத்தாளைக் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்ற வேண்டும். குடையைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, நனைந்த சுடிதாரில் விரலைத் துடைத்துத் துடைத்து, ஈரம் பட்டால் வேலை செய்யாத அந்தத் திரையைத் தேய்த்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். 98 சதவீதத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. "பாடமே படிச்சிருக்க மாட்டீங்களே" என்று கேட்கிறவரை அந்த வளைவில் ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்றும் நடந்தது. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று தமிழ்நாட்டில் கட்டுப்பாடு வந்ததும் பல அப்பாக்கள் கணக்குப் போட்டார்கள். மண்டபம் வேண்டாம், பந்தி வேண்டாம், செலவு மிச்சம். இரண்டாம் வருஷம் படிக்கிற பெண்ணுக்குச் சட்டென்று மாப்பிள்ளை அமைந்தான். வகுப்பில் யாராவது மைக்கை மூட மறந்தால் மிக்ஸி சத்தமும் மாமியார் குரலும் கேட்கும். அப்படிப் போனவர்களில் சிலர் பரீட்சை எழுதினார்கள். பலர் எழுதவில்லை.

நாட்டின் முதல் கொரோனா நோயாளியே ஒரு மாணவிதான். வூஹானில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்து ஊர் திரும்பிய கேரளப் பெண், 2020 ஜனவரி 30இல் திருச்சூரில் உறுதியானது. ஆனால் அதன் பிறகு வந்த அறிவிப்புகளில் மாணவர் என்றால் பரீட்சை எழுதுகிற ஒரு கை, அவ்வளவுதான். இறுதியாண்டுத் தேர்வு நடத்தியே ஆக வேண்டும் என்றது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, அது சரி என்றது உச்ச நீதிமன்றம். அதே 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் பணம் கட்டிய அரியருக்கெல்லாம் ஆல்பாஸ் அறிவிப்பு, அதைச் சுற்றி ஒரு வருஷத்துக்கு மீம்ஸ். 2021 ஜனவரி முதல் நான்கு மாதம் தினமும் 2 ஜிபி இலவச டேட்டா. நல்ல திட்டம்தான், டவர் இருந்த இடத்தில்.

மனநலத்துக்கு போன் நம்பர் கொடுத்தோமே என்பார்கள். கேரளத்தில் 1056 இருந்தது, நாடு முழுவதற்குமான 14416 வந்தது 2022 அக்டோபரில். எடுத்துப் பேசுகிறவர்கள் நல்லவர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே அறையில், பாட்டி பக்கத்தில் படுத்திருக்க, "எனக்கு வாழவே பிடிக்கலை மேடம்" என்று எந்தப் பிள்ளை போனில் சொல்லும்?

அதனால் அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் எல்லா விடுதியையும் ஒரே நாளில் பூட்டாதீர்கள் என்பதுதான் என் கட்சி. வீட்டில் இடம் இல்லாதவர்கள், வீட்டுக்குப் போனால் கல்யாணம் ஆகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் யார் யார் என்று வார்டனுக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு பிளாக்கையாவது, சோதனையோடும் இடைவெளியோடும், திறந்து வைக்க முடியும். அதுவும் முடியாவிட்டால் எஸ்டேட்டில் பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூட அறையைத் திறந்து, நெட் இழுத்து, பத்து மேஜை போடலாம். தொற்று பரவாதா என்று கேட்பீர்கள். ஏலத்தோட்டத்தில் அவனை வேலைக்கு நிறுத்தியபோது பரவாதது இங்கே மட்டும் பரவுமா?

இன்னும் ஒன்று. அப்போது பாதியில் விட்டவர்கள் இப்போது தோட்டத்திலும் திருப்பூரிலும் கைக்குழந்தையோடும் இருக்கிறார்கள். பழைய அரியருக்குப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு தருகின்றன. அறிவிப்பு லயத்துக்கு வந்து சேர்வதில்லை. இரண்டு பேப்பர், மூன்று பேப்பர் பாக்கியோடு யாராவது உங்களுக்குத் தெரிந்து இருந்தால், பதிவு எண்ணோடு எனக்கு மெசேஜ் போடச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது என் வேலை.