அரசாணை எண்ணை சாட்ஜிபிடியிடம் கேட்காதீர்கள்

அலுவலகக் கடிதம் எழுத சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ கருவிகளைப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை. ஆனால் விவரம் நம்முடையதாக இருக்க வேண்டும். வாக்கியத்தைச் சீர்செய்வது மட்டும்தான் அதன் வேலை.

"தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கோரி ஒரு கடிதம் எழுது" என்று ஒற்றை வரியில் கேட்டுப் பாருங்கள். பொருள், பார்வை எல்லாம் போட்டுக் கச்சிதமாகத் தரும். பார்வையில் ஓர் அரசாணை எண்கூட இருக்கலாம். அப்படி ஓர் ஆணையே வந்திருக்காது! அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகிற கருவி அது. அந்த இடத்தில் ஓர் எண் வரும் என்று அதற்குத் தெரியும், எது நிஜ எண் என்று தெரியாது. 2023இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய 6 தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது இதனால்தான். "இது உண்மையான வழக்குதானா?" என்று அதனிடமே கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்றிருக்கிறது.

அதனால் முதலில் ஐந்தாறு வரி நீங்களே எழுதுங்கள், பேச்சு நடையில் இருந்தாலும் பரவாயில்லை: யாருக்கு, என்ன நடந்தது, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள். அதைக் கொடுத்து, "புதிதாக எதையும் சேர்க்காதே, எண், பெயர், தேதியை மாற்றாதே, விவரம் இல்லாத இடத்தைக் காலியாக விடு" என்று சொல்லுங்கள். அப்படியும் சில சமயம் மாற்றிவிடும். 03/04 என்று எழுதினால் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடலாம். மாதத்தை எழுத்தில் எழுதுவதே நல்லது.

கூட்டக் குறிப்பைச் சுருக்கச் சொல்லும்போது இன்னும் கவனம் தேவை. "பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்" என்பது "ஒப்புக்கொண்டார்கள்" என்று மாறும். "முன்பணம் வந்தால்" என்ற நிபந்தனை காணாமல் போகும். வாசிக்கச் சரளமாக இருப்பதால் கண்ணில் படாது. மூலத்தைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழில் கேட்டாலும் அடியில் ஆங்கிலம் ஓடும். "இந்த மின்னஞ்சல் உங்களை நலமாகக் கண்டடையும் என நம்புகிறேன்", "தொடர்புகொள்ளத் தயங்க வேண்டாம்" போன்றவற்றைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். "வணக்கம்" போதும், நேரே விஷயத்துக்கு வரலாம். ஒரே கடிதத்தில் "தாங்கள்", "நீங்கள்" கலந்து வருவதையும் பாருங்கள். ஒற்றுப்பிழை திருத்தச் சொன்னால் சரியாக இருந்ததையும் கெடுக்கும்.

ஆதார் எண், சம்பள விவரம், வாடிக்கையாளர் பெயர் எதையும் ஒட்டாதீர்கள். "திரு. அ", "நிறுவனம் ஆ" என்று மாற்றிக் கொடுத்து, கடிதம் வந்த பிறகு உங்கள் கணினியில் நிஜப் பெயர்களைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை.